நண்டு நடை

உங்கள் கார் நேராகப் போகிறதா?

'இதென்ன கேள்வி, ஸ்டியரிங்கை நேரா பிடிச்சா வண்டி நேராத்தானே போகும்' என்கிறீர்களா? அடுத்த முறை ஜி.எஸ்.டி. ரோட்டில் பாரம் ஏற்றிய பழைய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டிரைவர் நேராகத்தான் ஓட்டிக்கொண்டிருப்பார். ஆனால் லாரியின் மூஞ்சி ஒரு பக்கம் பார்க்கும், முதுகு இன்னொரு பக்கம் ஒதுங்கியிருக்கும். ஒரு பக்கவாட்டுப் பலகை உங்களுக்கு நன்றாகத் தெரியும். மறுபக்கம் தெரியவே தெரியாது. நண்டு நடை!

லாரிக்காரர்களுக்கு இந்த வியாதி பழக்கம். பட்டையின் நடுவில் இருக்கும் சென்டர் போல்ட்தான் பின் ஆக்ஸிலை இடம் மாறாமல் பிடித்து வைக்கிறது. அது உடைந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் மட்டும் நழுவிவிடும். ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் போதும், ஐந்து மீட்டர் வீல்பேஸ் உள்ள லாரியில் பின்பக்கம் கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர் ஒதுங்கி நிற்கும். நல்ல பட்டை வேலைக்காரர் முதலில் டேப்பை எடுப்பார். ஸ்பேனர் அப்புறம்தான்.

காருக்கும் இதே வியாதி வரும். கண்ணாடிக் கதவு, ஏ.சி., கம்ப்யூட்டர் திரை, கேமரா எல்லாம் வைத்திருக்கும் கடைகளில் பலவற்றில் அந்த டேப் வேலை மட்டும் நடப்பதில்லை. என் சண்டை அதைப் பற்றித்தான்.

*

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது 2004 மாடல் சின்ன கார். கம்பெனி பெயர் வேண்டாம், குற்றம் கம்பெனி மேல் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் உழைத்த வண்டி. திடீரென்று ஒருநாள் ஸ்டியரிங் வலது பக்கம் லேசாகத் திரும்பியே நிற்க ஆரம்பித்தது. நேரான ரோட்டில் போவதற்கு அப்படித் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் வண்டி இடது பக்கம் போகும்.

ஐந்து மாதம், மூன்று கடை. முதல் கடையில் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, 'டயர் போச்சு சார்' என்றார்கள். முன் டயர் இரண்டையும் மாற்றினேன். நாலு நாள் ஸ்டியரிங் நேராக இருந்தது. ஐந்தாம் நாள் பழைய குருடி, கதவைத் திறடி. இரண்டாவது கடையில் டை ராட் எண்ட் மாற்றி, மறுபடி அலைன்மென்ட். அதே நாலு நாள். மூன்றாவது கடையில் இருந்த தம்பி ரொம்ப மரியாதையானவர். டீயெல்லாம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பின் ஆக்ஸிலே போயிருக்கும் சார். மாத்தணும்னா 18,000 ஆகும். பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும். இதுக்குச் செலவு பண்றதுக்கு வண்டிய வித்துட்டு வேற எடுத்துக்கங்க."

மூன்று கடையிலும் நான் ஒரே கேள்வி கேட்டேன். "பின் சக்கரத்தை அளந்து பார்த்தீங்களா?"

மூன்று கடையிலும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில். "ரியர்ல அட்ஜஸ்ட்மென்டே கிடையாது சார்."

இதற்கிடையில் நவம்பர் மழையில் ஈ.சி.ஆரில் போய்க்கொண்டிருந்தேன். கோவளம் தாண்டியதும் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. பிரேக்கை அழுத்தினேன். வண்டியின் முன்பக்கம் நின்றது, பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு ஒதுங்கியது. பின் சீட்டில் அம்மா. பக்கத்து லேனில் அந்த நேரத்தில் யாரும் வரவில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

*

'அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது' என்பது பொய்யில்லை. நம் ஊரில் ஓடும் சின்ன கார்கள் பலவற்றில் பின்பக்கம் ஒரே துண்டாக ஆக்ஸிலோ பீமோதான் இருக்கும். முன் சக்கரத்தில் இருப்பதுபோல் திருகித் திருகி கோணத்தை மாற்ற வழி கிடையாது. சரி. ஆனால் திருப்ப முடியாது என்றால் அளக்கவும் வேண்டாம் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் தூக்குக்குண்டு விடுகிறார். 'சுவத்துலதான் அட்ஜஸ்ட்மென்ட் போல்ட் இல்லையே, எதுக்கு மேஸ்திரி குண்டு விடுறீங்க' என்று யாராவது கேட்டதுண்டா?

உண்மையில் விஷயம் நேர்மாறானது. திருகே இல்லாத இடத்தில் கோணம் மாறியிருக்கிறது என்றால் அது தானாக மாறாது. ஏதோ வளைந்திருக்கிறது. அல்லது கிழிந்திருக்கிறது. அல்லது துருப்பிடித்துக் கழன்றிருக்கிறது. எனவே, அட்ஜஸ்ட்மென்ட் இல்லாத பின் சக்கரத்தைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

பின் சக்கரத்துக்கு அப்படி என்ன முக்கியத்துவம் என்கிறீர்களா? சைக்கிள் ஓட்டிய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செயின் தொய்ந்துவிட்டது என்று பின் சக்கரத்து நட்டைத் தளர்த்தி இழுத்து முடுக்குவோம். ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டால், சக்கரம் கோணலாக உட்கார்ந்து ஃபிரேமில் உரசும். ஹேண்டில்பாரைச் சற்றுத் திருப்பிப் பிடித்தால்தான் சைக்கிள் நேராகப் போகும். அந்த நேரத்தில் யாராவது ஹேண்டில்பாரை ரிப்பேர் செய்தோமா? சைக்கிள் கடைப் பையன் பின்னால் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பான், 'வீல் சாஞ்சிருக்குண்ணே' என்பான். அவ்வளவுதான் விஷயம். அந்தப் பையனுக்குத் தெரிந்தது, மூன்று கடைகளில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் போனது.

காரிலும் முன் சக்கரம் திருப்பத்தான் செய்கிறது. வண்டியின் முதுகு எந்தத் திசையில் தள்ளப்படுகிறது என்பது பின் சக்கரங்கள் கையில் இருக்கிறது. அவை சேர்ந்து காட்டும் திசைக்கு 'த்ரஸ்ட் லைன்' என்று பெயர். அந்தக் கோடு வண்டியின் நடுக்கோட்டோடு ஒன்றிப்போக வேண்டும். விலகியிருந்தால், எத்தனை டிகிரி விலகலோ அதுதான் 'த்ரஸ்ட் ஆங்கிள்'. கணக்கு சுலபம்: இடது பின் சக்கரத்தின் டோ அளவிலிருந்து வலது சக்கரத்தின் டோ அளவைக் கழித்து, இரண்டால் வகுத்தால் போதும். சக்கரம் முன்னால் உள்நோக்கித் திரும்பியிருந்தால் பிளஸ், வெளியே பார்த்தால் மைனஸ்.

இந்த இரண்டு எண்களை வைத்தே வியாதி எந்த வகை என்று சொல்லிவிடலாம். முதல் வகை: ஒன்று பிளஸ்ஸில், இன்னொன்று அதே அளவுக்கு மைனஸில். அப்படியென்றால் இரண்டு சக்கரமும் ஒரே பக்கம் பார்க்கின்றன. ஆக்ஸில் நன்றாக இருக்கிறது, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் கோணல். புஷ், போல்ட், அதைப் பிடித்திருக்கும் கைகள் என்று தேட வேண்டும். இதில் டயர் பெரிதாகத் தேயாது. ஸ்டியரிங் கோணலாக நிற்கும், வண்டி நண்டு நடை நடக்கும்.

இரண்டாவது வகை: ஒரு சக்கரம் சரியாக இருக்கிறது, இன்னொன்று மட்டும் விலகியிருக்கிறது. பள்ளத்திலோ பிளாட்பாரத்திலோ மோதி, அந்தப் பக்கத்து ஸ்டப் ஆக்ஸிலோ பீமோ வளைந்திருக்கலாம். பேரிங் ஆட்டமும் இருக்கலாம். இதில் டயர் செத்தது. அரை டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். இரண்டு பின் டயரும் கால் டிகிரி வீதம் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 4.4 மீட்டர் அளவுக்கு ஒவ்வொரு டயரும் பக்கவாட்டில் இழுபடும். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் சுமார் 44 கிலோமீட்டர். திருவான்மியூரிலிருந்து ஏறக்குறைய மாமல்லபுரம் வரை டயரைக் குறுக்குவாட்டில் தேய்த்துக்கொண்டே போவதற்குச் சமம்! டயர்மேல் குறுக்காக உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழ, மறு திசையில் ரம்பப் பல் மாதிரி நெருடினால் டோ கோளாறு என்று சந்தேகப்படலாம்.

முதல் வகைக்கு ஆக்ஸில் மாற்றுவது வீண் செலவு. இரண்டாவது வகைக்கு புஷ் மாற்றுவது வீண் செலவு. அளக்காமல் எதை மாற்றினாலும் அது குருட்டு அடிதான்.

*

கடைசியில் என் வண்டியைப் பார்த்தவர் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் ஷெட் வைத்திருக்கும் பெரியவர். எல்லோரும் 'பாய்' என்பார்கள். முதலில் நாலு டயரிலும் காற்று பார்த்தார். பின்பக்கம் ஒன்றில் ஆறு பவுண்டு குறைச்சல். மூன்று கடையும் அதைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தார். "இழுப்பு பக்கம் மாறிச்சுன்னா டயர் கோளாறு சார். மாறலைன்னா வேற இடம்" என்றார். மாறவில்லை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் அசைத்தார், பேரிங் நன்றாக இருந்தது. "ரோடு ஓரம் தாழ்ந்திருக்கும், அதுல எந்த வண்டியும் இடதுபக்கம் லேசாப் போவும். அத வியாதின்னு நெனச்சுக்காதீங்க" என்று ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்.

அப்புறம் வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுமையத்திலிருந்தும் தூக்குக்குண்டு விட்டார். தரையில் சாக்பீஸால் புள்ளி. டேப்பால் இடது பக்கம் முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் இடையே ஒரு அளவு, வலது பக்கம் ஒரு அளவு. வலது பக்கம் 6 மில்லிமீட்டர் அதிகம்.

"இது முன்னாடி வளைஞ்சதாலயும் வரும் சார்" என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் புகுந்து, பாடியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஓட்டைகளிலிருந்து பின் ஆக்ஸில் வரை அளந்தார். அதே 6 மில்லிமீட்டர். பின்பக்கம்தான்.

ஆறு மில்லிமீட்டர் எம்மாத்திரம் என்று நினைக்காதீர்கள். சக்கரத்துக்குச் சக்கரம் சுமார் 1,300 மில்லிமீட்டர் அகலத்தில் அது கால் டிகிரிக்குச் சற்று அதிகமான சாய்வு. ஆக்ஸிலைப் பாடியோடு பிடித்திருக்கும் வலது கையின் முன்பக்க ரப்பர் புஷ் கிழிந்து, உள்ளே இருக்கும் குழாய் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. போகும்போது ஓர் இடம், பிரேக் அடித்தால் வேறு இடம். ஒவ்வொரு அலைன்மென்ட்டும் நாலு நாளில் வீணானதற்கும், கோவளத்தில் வண்டியின் முதுகு ஒதுங்கியதற்கும் காரணம் அந்த ரப்பர். பின்னால் இன்னொருவர் உட்கார்ந்து இன்னொரு ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி!

இரண்டு பக்கமும் புஷ் மாற்றி, கூலியும் சேர்த்து 1,400 ரூபாய். அதற்குப் பிறகு முன் சக்கர அலைன்மென்ட். ஸ்டியரிங் இன்றுவரை நேராக நிற்கிறது. 18,000 ரூபாய் ஆக்ஸில் இன்னும் வண்டியிலேயே பத்திரமாக இருக்கிறது.

பாய் செய்தது மந்திரம் இல்லை. கடையில் இருக்கும் நவீன இயந்திரம் இதைவிடத் துல்லியமாகவே சொல்லும். நாலு சக்கரத்திலும் தகடு மாட்டினால் பின் டோ, பின் கேம்பர், த்ரஸ்ட் ஆங்கிள் எல்லாம் திரையில் வந்து நிற்கும். திரையில் பின் சக்கரம் சிவப்பாக மின்னினாலும் முன் சக்கரத்தைப் பச்சையாக்கிவிட்டு, 'ஓகே சார்' என்று அனுப்பும் பழக்கத்தைத்தான் திட்டுகிறேன். மாடலையே மாற்றித் தேர்ந்தெடுத்துப் பச்சை காட்டிய ஒரு கடையையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு காருக்கும் அளவு வேறு. 1961-ல் வந்த ரெனோ 4 என்ற பிரெஞ்சு காரில் இடது வீல்பேஸும் வலது வீல்பேஸும் வேண்டுமென்றே சமமாக இருக்காது. பின்பக்க டார்ஷன் பார்கள் இரண்டும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் படுத்திருப்பதால் அப்படி. அந்தக் கார் நம்மிடம் வந்தால், விபத்து வண்டி என்று முத்திரை குத்தியிருப்போம்.

*

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். கடைக்காரர்களை மட்டும் திட்டினால் உங்களுக்கு இனிக்கும். ஆனால் அது பாதி நியாயம்தான்.

டாக்டரிடம் போனால், மருந்தே எழுதாவிட்டாலும் கன்சல்டிங் ஃபீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக் இரண்டு மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்து, 'பெருசா ஒண்ணும் இல்ல சார்' என்று சொன்னால் என்ன கொடுக்கிறோம்? 'தேங்க்ஸ்பா'. அதிகபட்சம் ஒரு டீ. கண்டுபிடிக்கும் வேலைக்குக் காசு கிடையாது, மாற்றும் வேலைக்குத்தான் காசு என்று நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம். அப்புறம் அவர் எதையாவது மாற்றாமல் என்ன செய்வார்? கண்டுபிடிக்க 500 ரூபாய் கேட்டால் முறைக்கிற நாம், கண்டுபிடிக்காமல் 18,000 கேட்டால் பேரம் பேசி 15,000 கொடுக்கிறோம்.

டயர் வாங்கினால் அலைன்மென்ட் இலவசம் என்று போர்டு வைத்தால் க்யூவில் நிற்கிறோம். இருபது நிமிடத்தில் முடியவில்லை என்றால் வாட்ச்சைப் பார்க்கிறோம். அந்த இருபது நிமிடத்தில் பின் சக்கரத்தை அளந்து, காரணம் தேடி, விளக்கிச் சொல்ல அவரால் முடியுமா? பாய்க்கு அன்று அரை நாள் ஆயிற்று. பார்த்ததற்குத் தனியாக 500 ரூபாய் கொடுத்தேன். கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டார். "பாக்குறதுக்கெல்லாம் யாரு சார் காசு குடுக்குறாங்க" என்றார். அந்தக் கூச்சம் நமக்கு வந்திருக்க வேண்டியது.

'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்ற வாக்கியத்தின் மீது எனக்குத் தனிக் கோபம் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி என்று போனபோது, தொட்டுக்கூடப் பார்க்காமல் 'வயசானா அப்படித்தாம்மா' என்று சொன்ன டாக்டரையும் நான் சந்தித்திருக்கிறேன். வயது ஒரு காரணமாக இருக்கலாம். பரிசோதனைக்குப் பதிலாக இருக்க முடியாது. 2021-ல் மத்திய அரசு அறிவித்த பழைய வாகனக் கொள்கையில்கூட, சொந்தக் கார்களுக்குத் தகுதிச் சோதனைதான் அளவுகோல், வெறும் வயது அல்ல. பதினைந்து வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு உயர்ந்ததையும் சேர்த்துப் பாருங்கள். பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் ஆசைக்கு வைத்திருக்கவில்லை, வேறு வாங்க முடியாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம்தான், 'வித்துட்டு வேற எடுங்க' என்று சுலபமாகச் சொல்லப்படுகிறது.

பழைய கார் வாங்கப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன். பெயின்ட்டையும் சீட் கவரையும் மட்டும் பார்க்காதீர்கள். வாங்கும் முன் நாலு சக்கர அலைன்மென்ட் அளவு எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் வாங்கிய அடியை டிங்கரிங், பெயின்டிங் மறைத்துவிடும். பின் சக்கரத்துக் கோணத்தை அவ்வளவு சுலபத்தில் மறைக்க முடியாது. விற்பவர் அளக்க விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

அலைன்மென்ட் கடைக்குப் போகும்போது இவ்வளவு செய்யுங்கள். காற்று பார்த்த பிறகு அளக்கச் சொல்லுங்கள். நாலு சக்கரத்திலும் மாட்டச் சொல்லுங்கள். கை வைப்பதற்கு முன்பு ஒரு பிரின்ட், முடிந்த பிறகு ஒரு பிரின்ட் வாங்குங்கள். அதில் உங்கள் கார் மாடல்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் அளவு தப்பியிருந்தால், 'எந்தப் பாகத்தால்?' என்று கேளுங்கள். பதில் வராமல் எந்தப் பாகத்தையும் மாற்ற விடாதீர்கள். பின்பக்கம் சரியான பிறகுதான் முன்பக்கம். ஸ்டப் ஆக்ஸில் தனியாகக் கழலும் வண்டிகளில், மெல்லிய ஷிம் தகடு வைத்துச் சின்ன விலகலைச் சரிசெய்யவும் வழி உண்டு. 'ஒண்ணும் பண்ண முடியாது' என்பதை உடனே நம்பிவிடாதீர்கள்.

பில் வாங்குங்கள். சேவைக்கு பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் வைக்காமல் நீங்களே வழக்காடலாம். கையில் இரண்டு பிரின்ட்டும் ஒரு பில்லும் இருந்தால்தான் அங்கே உங்கள் பேச்சுக்கு மதிப்பு.

இதெல்லாம் நினைவில் நிற்காது என்றால், நாலே வார்த்தையை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "பின் சக்கரத்தோட அளவைக் காட்டுங்க." இதைச் சொன்னதும் கடைக்காரர் 'ரியர்ல அட்ஜஸ்ட்மென்டே கிடையாது சார்' என்பார்.

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்" என்று சொல்லுங்கள்.